பின்பாரம்

படகைக் கரையில் ஏற்றி வைத்திருந்தபோது எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்டது. மேலே என்ற பொத்தானை அழுத்தினால் மேலே போனது, கீழே என்றால் கீழே வந்தது. எஞ்சினை ஏற்றி இறக்குகிற பவர் ட்ரிம் பம்ப் கொசு பாடுவதைப் போல ஒரே சுருதியில் பாடிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது. படகைத் தண்ணீரில் இறக்கியதும்தான் மக்கர். அதே பொத்தான், அதே பம்ப், அதே பேட்டரி. பம்பின் பாட்டு மட்டும் அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது. படகின் பின்பலகையில் தொங்கிக்கொண்டிருந்த எஞ்சின், திங்கட்கிழமை காலையில் எழுப்பப்பட்டவன் மாதிரி கொஞ்சம் எழுந்து, யோசித்து, மறுபடி கொஞ்சம் எழுந்தது.

மெக்கானிக் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். பம்ப் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. ஒரு விரற்கடை அளவுக்குத் தானாகக் கீழே இறங்கி, அதற்கப்புறம்தான் நின்றது.

சின்ன விஷயம்தான். ஆயில் கசிந்தால் இறங்கும், வால்வு தேய்ந்தால் இறங்கும். ஆனால் அப்படி இறங்குகிற எஞ்சின் வழுக்கிக்கொண்டு இறங்கும். இது இழுபட்டு இறங்கியது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கூட்டத்தில் சட்டை ஆணியில் மாட்டுவதற்கும் யாரோ சட்டையைப் பிடிப்பதற்கும் வித்தியாசம் முதுகுக்குத் தெரியும் இல்லையா, அந்த மாதிரி ஒரு தெரிதல்.

கொட்டகை பாதி தரை, பாதி தண்ணீர். பின்சுவரிலிருந்து சிமெண்ட் தரை சரிவாக இறங்கி, நடுவில் தண்ணீருக்குள் நுழைந்து, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் முடிந்தது. சரிவின்மேல் இரண்டு தண்டவாளங்கள், அவற்றின்மேல் படகைச் சுமக்கிற சக்கரவண்டி, மேல் முனையில் அந்த வண்டியைக் கம்பி கட்டி இழுக்கிற வின்ச். தண்ணீர்ப் பக்கத்துக்குச் சுவர் கிடையாது. மத்தியானத்திலிருந்து விடாமல் பெய்த மழையில் வெளியே இருந்த கால்வாயும் வானமும் ஒரே அழுக்கு நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தன. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்துக்கு அடியில், படகின் வயிற்றைத் தண்ணீர் நக்குகிற சத்தம். பெட்ரோல், கிரீஸ், ஈரக் கயிறு ஆகியவற்றின் வழக்கமான நாற்றத்துக்கு அடியிலும் இன்னொரு நாற்றம் இருந்தது. கரண்ட் இல்லாத வீட்டில் ஒரு மாதம் மூடியே கிடந்த ஃபிரிட்ஜைத் திறந்தால் வருவது போன்றது. ஒவ்வொரு முறை எஞ்சின் எழும்போதும் அது கூடியது.

கொட்டகை மாமனாருடையது. மாமனாருக்கு இரண்டு மகள்கள், ஆகவே இரண்டு மாப்பிள்ளைகள், ஆகவே நிம்மதி கிடையாது. மூத்தவளைக் கட்டியவன் இந்த மெக்கானிக். இளையவளைக் கட்டியவன் படகு விற்பனையைப் பார்த்துக்கொள்கிறவன். எந்நேரமும் ஒரு வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிவதால் ஊரில் அவனுக்குக் கேப்டன் என்று பெயர். படகில் ஏறினால் வாந்தி எடுப்பான், அது வேறு விஷயம்.

யாருக்குக் கொட்டகை என்பது அன்று சாயங்காலம் தீர்மானமாக வேண்டியிருந்தது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமனார்தான் அறிவித்தார். இந்தப் படகின் சொந்தக்காரரான பல் டாக்டர், இதே கோளாறோடு திரும்பத் திரும்ப வந்து மானத்தை வாங்குகிறார். விளக்குப் போடுகிற நேரத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டு தானே காரில் வரப்போவதாகவும், அதற்குள் எஞ்சின் தண்ணீரில் ஒழுங்காக ஏறி இறங்கினால் கொட்டகை பெரிய மாப்பிள்ளை பெயருக்கு என்றும், இல்லையென்றால் சின்னவருக்கு என்றும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சின்னவரிடம் திட்டம் தயாராக இருந்தது. பட்டறையை இடித்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் வைத்து, தண்ணீரைப் பார்த்தபடி காபி குடிக்கிற இடமாக்குவது. அப்படியானால் பெரியவர் என்ன செய்வார் என்று மாமியார் கவலைப்பட்டார். பெரிய சகலைக்கா வேலை இல்லை, நாற்காலி ஸ்க்ரூ லூஸானால் யார் டைட் பண்ணுவது என்றான் கேப்டன். மேசையே சிரித்தது. முதலில் சிரித்தது மெக்கானிக்கின் மனைவி.

அந்தச் சிரிப்பு அவன் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பம்பைவிட நல்ல சுருதியில்.

பேட்டரியைப் பார்த்தான். முழுசாக இருந்தது. ஒயர் முனைகளைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மறுபடி மாட்டினான். ரிலேயை மாற்றினான். பம்ப் மோட்டாரைக் கழற்றி உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தான். புதுசு, போன தடவை அவனே போட்டது. ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தான். விளிம்பு வரை இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால் மாதிரி வெளுத்திருக்கும், இது பழரசம் போலச் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. காற்று புகுந்திருக்கலாம் என்று எஞ்சினை முழுக்க ஏற்றி முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கி, வேர்த்துப்போனான். ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக யோக்கியமாக இருந்தது. சேர்ந்தால்தான் அயோக்கியத்தனம். குடும்பம் மாதிரி.

கடைசியில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கிற மீட்டரை எடுத்து பம்பின் ஒயரில் கவ்வவிட்டான். இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் பொய் சொல்வார், உதிரிபாகக் கடைக்காரர் பொய் சொல்வார், எஞ்சினேகூட நடிக்கும். ஆம்பியர் மட்டும் நடிக்காது. பம்ப் எவ்வளவு கனத்தைத் தூக்குகிறதோ அவ்வளவு மின்சாரத்தை உறிஞ்சும். கரையில் பார்த்த எண் அவனுக்கு ஞாபகம் இருந்தது. தண்ணீரில் அது குறைய வேண்டும், ஏனென்றால் தண்ணீரில் எல்லாமே கனம் குறையும், குடத்தைக் கிணற்றில் விட்டவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

பொத்தானை அழுத்தினான். மீட்டரில் எண் ஏறியது. கரை எண்ணைத் தாண்டியது. இரட்டிப்பானது. அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவன் எஞ்சினைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படகைப் பார்த்தான். எஞ்சின் மேலே வரவில்லை. படகின் பின்பக்கம் கீழே போய்க்கொண்டிருந்தது. பின்பலகையில் பெயிண்ட் அடித்திருந்த நீலக்கோடு மெல்ல நனைந்து, மூழ்கி, தண்ணீருக்கடியில் மங்கியது. கட்டிலின் ஓரத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் மெத்தை அந்தப் பக்கம் சாய்வதைப் போல.

விரலை எடுத்தான். நீலக்கோடு மேலே வந்தது. அவசரப்படாமல்.

கோளாறு ட்ரிம்மில் இல்லை. ட்ரிம் பாவம், தன்னால் முடிந்ததைத் தூக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினில் எதுவோ தொங்குகிறது.

பனியில் போனபோது மெத்தென்று எதிலோ மோதினேன், மணல்மேடாக இருக்கும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கப்புறம்தான் இந்த மந்தம் என்றும் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் தன் உள்ளங்கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. டாக்டர்கள் கை துடைப்பது சகஜம்தான் என்று அப்போது விட்டுவிட்டான்.

படகின் பக்கவாட்டில் தண்ணீருக்குமேல் ஒரு பலகை நடைபாதை இருந்தது. அதன் கடைசிவரை போய்க் குப்புறப் படுத்து, டார்ச்சைத் தண்ணீருக்குள் காட்டினான். மழைத் தண்ணீர் கலங்கல், ஒரு சாணுக்குமேல் வெளிச்சம் இறங்கவில்லை. புரொபெல்லரின் ஒரு இதழ் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதன் விளிம்பில் வெளுப்பாக, வரிசையாக, நான்கு ஏதோ இருந்தன. கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப் மாதிரி. வெளிச்சம் பட்டதும் அவற்றில் ஒன்று பிடியை விட்டு விலகியது. பிறகு இன்னொன்று. நிதானமாக, ஒவ்வொன்றாக, விலகின.

கடைசியாகப் போனதில் நகம் இருந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்தான். டார்ச்சை அணைத்தான். அணைத்திருக்கக் கூடாது என்று தோன்றி மறுபடி போட்டான். பிளாஸ்டிக் பை. பிளாஸ்டிக் பையேதான். கால்வாய் முழுக்கப் பிளாஸ்டிக் பை, நகராட்சியைச் சொல்ல வேண்டும். பல் கிட்டித்துக்கொண்டிருந்தது, மழைக் குளிர்தான். வீட்டுக்குப் போய்விடலாம். போய்? நாற்காலி ஸ்க்ரூவை டைட் பண்ணலாம்.

பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டபோது அவன் நடைபாதையிலிருந்து விழாதது ஆச்சரியம். கேப்டன். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் போன், தலையில் தொப்பி.

“என்ன சகலை, வைத்தியம் நடக்குதா? பொழச்சுக்குமா, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடலாமா?”

மெக்கானிக் சிரித்துவைத்தான். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே அடையாளம் தெரியவில்லை. மாமனார் கிளம்பிவிட்டதாகவும், வழியில் டாக்டரை ஏற்றிக்கொண்டு வருவதாகவும் கேப்டன் சொன்னான். பிறகு வின்ச் பக்கம் கையைக் காட்டி, எதற்கு இந்தக் கஷ்டம், படகை மேலே இழுத்துப் போட்டு வெளிச்சத்தில் பார்த்துவிடலாமே என்றான். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அதுதான். தொழில் தெரியாததால் சொன்னான்.

தொழில் தெரிந்தவனுக்கு அது ஆகாது. கரையில் ஏற்றினால் கோளாறு ஒளிந்துகொள்ளும். எஞ்சின் சமர்த்தாக ஏறி இறங்கும், தண்ணீரில் விட்டதும் டாக்டர் கண்ணெதிரே மறுபடி முரண்டு பிடிக்கும். தண்ணீரில் தெரிகிற கோளாறைத் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும். இதை மெக்கானிக் ஒரு பாடம் மாதிரி ஒப்பித்தான். ஒப்பிக்கிற நேரத்தில் உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவன் இறங்கி அதை எடுத்துவிட்டால் போதும்.

“புரொபெல்லர்ல பிளாஸ்டிக் பை சுத்தியிருக்கு சகலை. அதான் பாரம்.”

பார்த்தது நகம். சொன்னது பை. நாக்கு தடுமாறவே இல்லை.

“அப்ப எறங்கி எடுக்க வேண்டியதுதானே?”

“நான் எறங்கினா ட்ரிம் யாரு பாப்பா? நீங்களா? மேல அழுத்துறதுக்குப் பதிலா கீழ அழுத்துவீங்க.”

கேப்டன் தண்ணீரைப் பார்த்தான். தண்ணீர் பழுப்பாக, பொறுமையாக இருந்தது.

“வேண்டாம் விடுங்க,” என்றான் மெக்கானிக், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே. “தொப்பி நனைஞ்சுடும். மாமா வர்றப்ப நீங்க குடையோட நில்லுங்க. நான் நனைஞ்சுக்கிட்டு நிக்கறேன். யாரு எப்படி நின்னாங்கன்னு அவரே பாத்துக்கட்டும்.”

ஊசி சரியான இடத்தில் இறங்கியது. மாமனார் உள்ளே நுழையும்போது மார்பளவு தண்ணீரில் நின்று, கையில் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டுகிற ஒரு மாப்பிள்ளை. கேப்டன் அந்தக் காட்சியை ரசித்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. சட்டையைக் கழற்றி மடித்து ஸ்டூலில் வைத்தான். போனை அதன்மேல் வைத்தான். தொப்பியைக் கழற்றவில்லை. கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீரில் இறங்குகிறவன் எஞ்சின் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், கரையில் நிற்பவன் தெரியாத்தனமாக ஸ்டார்ட் பண்ணிவிடாமல் இருக்க. ட்ரிம் நேராகப் பேட்டரியில் ஓடும், அதற்குச் சாவி வேண்டாம். மெக்கானிக்கே சாவியை மாட்டிவிட்டான். பத்திரம் என்றுகூடச் சொன்னான்.

கேப்டன் சரிவில் கால்வைத்து, ஐயோ அம்மா ஐஸு என்று முனகிக்கொண்டு, முழங்கால், இடுப்பு, மார்பு என்று இறங்கி, எஞ்சினுக்குப் பின்னால் போய் நின்றான். அந்த நாற்றம் எழுந்தது. என்ன சகலை, யாராவது செத்துகித்துக் கெடக்காங்களா என்று மூக்கைச் சுளித்தான். மெக்கானிக் நடைபாதையில் நின்றான். ஒயரில் தொங்கிய ட்ரிம் ஸ்விட்ச் கையில் வழுக்கியது.

போன் அடித்தது. மெக்கானிக்குடையது. மச்சினி.

அவர் அங்கேதான் இருக்கிறாரா, அவர் போனை எடுக்கவில்லையே என்று கேட்டாள். இருக்கிறார் என்றான்.

“அவர தலைய நனைக்க விடாதீங்க அத்தான். சைனஸ் இருக்கு. நைட்டெல்லாம் தூங்க மாட்டார்.”

“சரிம்மா.”

கேப்டன் தொப்பியைக் கழற்றி எஞ்சின் மூடியின்மேல் வைத்தான். மூச்சை இழுத்தான். தலையை முக்கினான்.

மெக்கானிக் போனைப் பையில் போட்டான். மழை பெய்தது. தண்ணீருக்குமேல் குமிழிகள் வந்தன. இப்போது சொல்லலாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சகலை, மேலே வாங்க, அது பை இல்லை. ஆறே சொல்தான். அவன் வழுக்கிய ஸ்விட்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வெளிச்சம் வேறு குறைந்துகொண்டே வந்தது. மாமனாரின் கார் எந்த நிமிடமும் வரும்.

கேப்டன் தலையைத் தூக்கி மூச்சு வாங்கினான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. தொப்பி இல்லாமல் பார்த்தால் ரொம்பச் சின்னப் பையனாகத் தெரிந்தான்.

“பை இல்ல சகலை. மெத்து மெத்துன்னு இருக்கு. ரப்பர் கிளவுஸுக்குள்ள மண்ணு போட்ட மாதிரி.”

“இழுங்க. வந்துடும்.”

“இழுத்தேன். அதுவும் இழுக்குது.”

ஜோக்காகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் ஆரம்பித்தான். வாயின் ஒரு பக்கம் சிரித்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு பக்கம் நின்றுவிட்டது. தண்ணீருக்கடியில் தன் வலது கை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தான். பிறகு தன் கால்கள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தான்.

“சகலை,” என்றான். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. “மேல தூக்குங்க.”

மெக்கானிக் பொத்தானை அழுத்தினான்.

பம்ப் உறுமியது. படகின் பின்பக்கம் இறங்கியது. நீலக்கோடு மூழ்கியது. கேப்டன் இடது கையால் எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எஞ்சின் ஒரு விரற்கடை எழுந்தது. கேப்டனின் தோள் தண்ணீருக்குள் போனது. எஞ்சின் இன்னொரு விரற்கடை எழுந்தது. கழுத்து போனது. மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. முகவாய் போனது. ஒயரிலிருந்து கருகிய வாசனை வந்தது. கேப்டன் கத்தவில்லை. கத்தினால் வாய்க்குள் தண்ணீர் போகும். மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, மெக்கானிக்கையே பார்த்தான். சின்னப் பிள்ளைகள் டாக்டர் ஊசியை எடுக்கும்போது அம்மாவைப் பார்க்கிற பார்வை.

பிறகு மூக்கும் போனது.

பம்ப் ஒரு சத்தம் போட்டு நின்றது. ஃபியூஸ்.

தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு வளையம் விரிந்து, நடைபாதைக் காலில் மோதி, அடங்கியது. தொப்பி எஞ்சின்மேல் அப்படியே இருந்தது, ஒரு துளி நனையாமல்.

மெக்கானிக்குக்கு முதலில் வந்த நினைப்பு, கொட்டகை எனக்கு என்பது. அதை அவன் வரவழைக்கவில்லை. அழைக்காத விருந்தாளி மாதிரி அதுவாக வந்து உட்கார்ந்தது. அதை உட்காரவைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம். தேவைக்கு மேலே கொஞ்ச நேரம்.

பிறகு ஓடினான்.

நடைபாதை முழுக்க வழுக்கியது. ஒரு தடவை விழுந்தான், முழங்கை உரிந்தது. சரிவின் மேல்முனைக்குப் போய் வின்ச்சின் பச்சைப் பொத்தானை உள்ளங்கையால் அடித்து அழுத்திப் பிடித்தான். பிடித்திருக்கும்வரை இழுக்கும், விட்டால் நிற்கும், அதுதான் அதன் குணம். கம்பி விறைத்தது. படகுக்கடியில் தண்ணீரில் கிடந்த வண்டி முனகியது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் ஏற ஆரம்பித்தது. அவன் நின்ற இடத்திலிருந்து முன்பக்கம்தான் தெரிந்தது. பொத்தானை விடாமல் உடம்பை மட்டும் பக்கவாட்டில் வளைத்து எட்டிப் பார்த்தான். பின்பலகை தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. எஞ்சின் வந்தது. புரொபெல்லர் வந்தது.

புரொபெல்லரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேப்டன் வந்தான்.

உயிரோடு. இருமினான். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மெக்கானிக்குக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதான். சகலை, சகலை, விட்டுடாதீங்க, இதோ என்றான். மச்சினிக்குப் போன் பண்ணி, தலை நனைந்துவிட்டதும்மா, சுடுதண்ணீர் போட்டு வை என்று சொல்ல வேண்டும். கொட்டகை இவனே எடுத்துக்கொள்ளட்டும். காபி விற்கட்டும். எல்லா நாற்காலி ஸ்க்ரூவையும் நானே டைட் பண்ணுகிறேன்.

கேப்டனின் மார்பு சிமெண்டில் உரசிக்கொண்டு வந்தது. இடுப்பு வந்தது. தொடை. முழங்கால்.

“நிறுத்தாதீங்க சகலை,” என்றான் கேப்டன், இருமலுக்கு நடுவில். “நிறுத்தினா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

போயிடுவாங்க என்றான்.

கணுக்கால் வந்தது. ஒவ்வொரு கணுக்காலிலும் ஒரு கை.

கைகளைத் தொடர்ந்து ஒரு தலை வந்தது. குனிந்த தலை. மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆள், குப்புறப் படுத்தவாக்கில், முகம் சிமெண்டில் தேய்ந்துகொண்டு. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் முழுக்க வெளியே வந்தார். அவர் கணுக்கால்களிலும் இரண்டு கைகள். அடுத்தது ஒரு பெண், இரவு உடையில். அவள் கணுக்கால்களிலும். அடுத்தது லைஃப் ஜாக்கெட் போட்ட ஒருவர், பட்டையெல்லாம் ஒழுங்காக மாட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால். ஒருவரை ஒருவர் விடாமல், இடைவெளி விடாமல், பிள்ளைகள் ரயில் வண்டி விளையாடுகிற மாதிரி. தண்ணீர் விளிம்பில் கைகள் வந்தன, தலை வந்தது, முதுகு வந்தது, மறுபடி கைகள் வந்தன. வின்ச் இழுத்தது. வந்துகொண்டே இருந்தார்கள். கால்வாய்க்குள் எவ்வளவு தூரம் நீளும் என்று தெரியவில்லை. கால்வாய் கடலுக்குப் போகிறது.

நிறுத்தினால் சகலை போய்விடுவான். நிறுத்தாவிட்டால் இவர்கள் வருவார்கள்.

அவன் கேப்டனின் முகத்தைப் பார்த்தான். இருமல் நின்றிருந்தது. கண் சிமிட்டலும் நின்றிருந்தது. அந்தக் கண்ணில் பயம் இல்லை. பயம் இருந்திருந்தால் பரவாயில்லை.

வெளியே கார் ஹாரன் அடித்தது. கதவுகள் சாத்தும் சத்தம். மழைக்கு மேலாக மாமனாரின் குரல் உற்சாகமாக வந்தது.

“என்ன மாப்பிள்ளை, ஆச்சா?”

மெக்கானிக் கையை எடுத்தான்.

வின்ச் நின்றது. மழைச் சத்தம் மட்டும். படகு நின்றது. வரிசை நின்றது. ஒரு மூச்சு நேரம் எல்லாமே நின்றன.

பிறகு லைஃப் ஜாக்கெட் போட்டவர் முழங்காலை மடக்கினார். அவருக்கு முன்னால் இருந்த பெண் மடக்கினாள். மழைக்கோட்டு மடக்கியது. கால்கள் ஒவ்வொன்றாகத் தரையைத் தேடிக் கண்டுபிடித்தன. கேப்டன் புரொபெல்லரை விட்டான். இரண்டு உள்ளங்கைகளையும் பின்பலகையில் அகலமாக விரித்து வைத்தான்.

சக்கரம் கிறீச்சிட்டது.

இழுகம்பி விறைப்பு விட்டது. தொய்ந்தது. சிமெண்டில் சுருண்டு படுத்தது.

படகு மேலே வந்துகொண்டிருந்தது.